தவறவிட்டால் என்ன?

எல்டன் ரிங் என்ற வீடியோ கேம் 2022 பிப்ரவரி 25 அன்று வெளியானது. மூன்று வாரத்துக்குள் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் போய்விட்டதாக வெளியீட்டு நிறுவனமான பண்டாய் நாம்கோ அறிவித்தது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற ‘தி கேம் அவார்ட்ஸ்’ விருதும் அதற்கே கிடைத்தது. ஆனாலும் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்கள்கூட ஒரே ஒரு இடத்தில் சுதி இறங்கிவிடுகிறார்கள். “எல்லாம் சரி, சைடு குவெஸ்ட் விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டுவிட்டார்கள்.”

புகார் இதுதான். இந்த ஆட்டத்தில் குவெஸ்ட் குறிப்பேடு கிடையாது. யார் தலைக்கு மேலும் மஞ்சள் ஆச்சரியக்குறி மின்னாது. வழியில் பார்க்கும் ஒருவர் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விடுவார். அடுத்து அவர் எங்கே இருப்பார், நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்று எங்கும் எழுதி வைத்திருக்காது. நாம் வேறு பக்கம் போய்த் திரும்புவதற்குள் அவர் கதை முடிந்தே போயிருக்கலாம். ஆட்டம் வெளியான சில நாட்களிலேயே வேறு நிறுவனங்களின் வடிவமைப்பாளர்கள் சிலர் ட்விட்டரில் இந்தக் குறையைச் சொன்னார்கள். பெரிய வாக்குவாதமும் நடந்தது. வாக்குவாதம் ஓய்ந்துவிட்டது, தீர்ப்பு மட்டும் தங்கிவிட்டது. சைடு குவெஸ்ட்டுகளை ஒளித்து வைப்பது பழைய காலத்துப் பிடிவாதம், ஆடுபவரின் நேரத்தை மதிக்காத திமிர் என்பது இன்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை போல ஆகிவிட்டது.

இந்த ஒப்புதல் தவறானது என்பதே என் வாதம். எதிர்த்தரப்பு நான்கு காரணம் சொல்கிறது. துப்பே கொடுக்காமல் ஒளிக்கிறார்கள் என்பது ஒன்று. காசு கொடுத்து வாங்கியதில் பாதி கண்ணில் படாமலே போகிறது என்பது இரண்டு. விக்கியைத் திறக்காமல் யாராலும் முடியாது, ஆகவே இது போலித் தேடல் என்பது மூன்று. வேண்டியவர்களுக்கு மட்டும் குறிப்பேடு வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது நான்கு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் துப்பு. லிம்கிரேவ் என்ற தொடக்கப் பகுதியின் கிழக்கே மிஸ்ட்வுட் என்று ஒரு காடு. அங்கே இடிந்து கிடக்கும் கட்டடங்களுக்கு அருகில் போனால் ஓநாய் ஊளையிடும் சத்தம் கேட்கும். சுற்றிப் பார்த்தால் ஓநாய் எதுவும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் இடிபாட்டின் உச்சியில் ஓர் உருவம் நிற்கிறது. கூப்பிட வழி தெரியாது. அதுவும் இறங்கி வராது. சரி என்று விட்டுவிட்டு, ஆட்டத்தின் ஆரம்பத்தில் நாம் பொருள் வாங்கிய அதே வியாபாரி காலேயிடம் திரும்பிப் போனால், பேச்சில் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கும்: காட்டில் கேட்ட ஊளை பற்றி. அவர் அந்த ஆளை அறிவார். விரலைச் சொடுக்கும் சைகை ஒன்றைக் கற்றுத் தருவார். மறுபடி மிஸ்ட்வுட் போய், இடிபாட்டின் அடியில் நின்று விரலைச் சொடுக்கினால், உச்சியிலிருந்து பிளைத் என்ற ஓநாய்முக வீரன் குதித்து நம் முன்னால் வந்து நிற்பான்.

இதில் எது ஒளித்து வைக்கப்பட்டது? சத்தம் காதில் விழுந்தது. உருவம் கண்ணில் பட்டது. விவரம் தெரிந்த ஆள் ஏற்கெனவே நமக்கு அறிமுகமானவர். குறிப்பேடு இருந்திருந்தால் ‘காலேயிடம் பேசு, சைகையைக் கற்றுக்கொள், மிஸ்ட்வுட் திரும்பு’ என்று மூன்று வரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக் போட்டிருக்கும். நாமும் சொன்னதைச் செய்திருப்போம். ஊளை எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் நின்று கேட்டிருக்க மாட்டோம். குவெஸ்ட் ஒன்றுதான், ஆனால் ஒன்றில் நாம் விசாரித்தோம், மற்றதில் கீழ்ப்படிந்திருப்போம்.

காதால் தேட வைப்பது இந்த ஒரு இடத்தில் மட்டும் நடப்பதல்ல. அதே லிம்கிரேவில் ஆளே இல்லாத இடத்தில் ஒரு குரல் உதவி கேட்டு அழைக்கும். பேசுவது ஒரு செடி. அதை ஒரு தட்டுத் தட்டினால் பாக் என்ற சிறிய அரைமனிதன் வெளிப்படுவான். ஸ்டார்ம்ஹில் பக்கம் போனால் யாரோ சத்தம் போட்டு உதவி கேட்பது கேட்கும். பள்ளத்தில் மாட்டிக்கொண்ட பெரிய ஜாடி அது, பெயர் அலெக்சாண்டர். பின்னாலிருந்து நாலு அடி ஓங்கி அடித்தால் வெளியே வந்து நன்றி சொல்லும். செடிக்குள் ஆள் இருக்கலாம் என்று பாக்கிடம் கற்றவர், பின்னால் அல்பினோரிக் மக்களின் கிராமத்தில் ஒரு பானையைச் சந்தேகத்தோடு பார்ப்பார்; அதில் அல்பஸ் என்ற முதியவர் உருமாறி ஒளிந்திருக்கிறார், ஹேலிக்ட்ரீ என்ற ரகசியப் பகுதிக்குப் போகத் தேவையான பதக்கத்தில் ஒரு பாதி அவரிடம் இருக்கிறது. ஓர் இடத்தில் கற்றுக்கொடுத்து இன்னோர் இடத்தில் சோதிப்பதைத் துப்பில்லாமல் ஒளிப்பது என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றையும் குறைசொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். எல்டன் ரிங்கில் வழிகாட்டும் அம்பு இருக்கத்தான் செய்கிறது. நாம் இளைப்பாறும் ‘கிரேஸ்’ தலங்கள் பலவற்றிலிருந்து ஒரு பொன்னிற ஒளிக்கீற்று கிளம்பும். மெயின் கதை எந்தத் திசையில் என்று அது காட்டும். ஆக, வழி காட்டத் தெரியாமல் விட்டுவிடவில்லை. ராஜபாட்டைக்கு அம்பு உண்டு, ஒற்றையடிப் பாதைக்குக் கிடையாது என்று பிராம்சாஃப்ட்வேர் நிறுவனமும் இயக்குநர் ஹிடெடகா மியாசாகியும் யோசித்து எடுத்த முடிவு அது. அந்த முடிவோடு சண்டை போடலாம். மறதி என்றோ சோம்பல் என்றோ அதைத் தள்ளிவிட முடியாது.

சில சமயம் குறிப்பு வானத்திலிருந்தே விழுகிறது. சூனியக்காரி ரானியின் நீண்ட கதையில் நோக்ரான் என்ற நிலத்தடி நகரத்துக்குப் போக வேண்டிய கட்டம் வரும்; வழி தெரியாது. கேலிட் பகுதியில் ரடான் என்ற மாவீரனை வீழ்த்தியதும் அவன் கட்டி நிறுத்தியிருந்த நட்சத்திரங்கள் மறுபடி நகரத் தொடங்கும். ஒன்று லிம்கிரேவில் வந்து விழும். அங்கே போய்ப் பார்த்தால் நேற்றுவரை தரையாக இருந்த இடத்தில் பெரும் பள்ளம். பாறைகள் அந்தரத்தில் மிதக்கும். நகரத்துக்கு வாசல் அதுதான். மேப்பில் ஒரு புள்ளி வைப்பது இதைவிட எந்த விதத்தில் மேல்?

அந்தப் புள்ளியின் வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2002-இல் வந்த மாரோவிண்ட் என்ற ஆட்டத்தில் குறிப்பேடு உண்டு, அம்பு கிடையாது. ஆற்றைத் தாண்டி வடக்கே திரும்பு, பாறைக்கு அருகில் பார் என்று ஊர்க்காரர்கள் வாயால் சொல்வார்கள். அதே வரிசையில் 2006-இல் வந்த அப்லிவியனில் திசைகாட்டியில் குவெஸ்ட் அம்பு வந்தது. 2011-இல் ஸ்கைரிம் அதை ஒரு தலைமுறைக்கே பழக்கிவிட்டது. அதன்பின் ஆடுபவரின் கண் நிலத்தில் இல்லை. திரையின் மேல் ஓரத்துப் பட்டையில்தான். மலையும் ஊரும் அம்புக்கும் நமக்கும் நடுவில் கிடக்கும் தடங்கல்களாகிவிட்டன. எழுத்தில் யாருக்கும் சளைக்காத விட்சர் 3-கூட இந்த நோய்க்குத் தப்பவில்லை. 2015-இல் வந்த அந்த ஆட்டத்தில் ஸ்கெலிகே தீவுகளைச் சுற்றிய கடல் முழுக்கக் கேள்விக்குறிகள். படகை ஓட்டிக்கொண்டு போனால் பெரும்பாலும் கடத்தல்காரர்கள் போட்டுவிட்டுப் போன பெட்டிகள்தான். ஒன்றைப் போலவே இன்னொன்று. கதைக்காக ஆட வந்தவர், கேள்விக்குறிகளை அழிப்பதற்காகப் படகோட்டிக்கொண்டிருப்பார். குறி வைத்ததால் அந்தப் பெட்டிகள் சுவையாகிவிடவில்லை, கடமையாகிவிட்டன.

இனி இரண்டாவது வாதம்: காசு. முழு விலை கொடுத்து வாங்கியவனுக்கு முழுவதையும் காட்ட வேண்டாமா என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. எல்டன் ரிங்கின் ஆறு முடிவுகளில் ஐந்து, கிளைக்கதைகளையோ மறைவான பாதைகளையோ சார்ந்தவை. ரானியைச் சந்திக்காதவருக்கு நட்சத்திரங்களின் யுகம் என்ற முடிவு வாய்க்காது. கோல்ட்மாஸ்க் என்ற ஊமைத் துறவியைப் பின்தொடராதவருக்கு இன்னொன்று வாய்க்காது. அப்படியானால் இவை ‘சைடு’ குவெஸ்ட்டே அல்லவே, இவற்றை ஒளிப்பது மோசடி அல்லவா?

அல்ல. எந்த முடிவும் கிடைக்காமல் யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. நடந்த வழிக்கு ஏற்ற முடிவு அவரவருக்கு உண்டு. ஆறையும் பட்டியல் போட்டு முன்னால் வைத்து, எதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் அவை ஆறு பொத்தான்கள். யாருடன் பழகினோம், யாரைக் கடந்து போனோம் என்பதிலிருந்து தானாக விளைந்தால்தான் அது முடிவு.

மேலும், இந்தக் கிளைக்கதைகளைக் கண்டுபிடித்தவருக்குக் கிடைப்பது எப்போதும் லாபமல்ல. விரல் சொடுக்கில் குதித்து வந்தானே பிளைத், ரானியின் கதையை நாம் கடைசிவரை நடத்திக் கொடுத்தால் அவன் புத்தி பேதலித்து நிற்பான். ரானியின் கோபுர வாசலில் அவனை நாமே கொல்ல வேண்டிவரும். செடியாக இருந்த பாக், தையல்காரனாகி நம்மோடு வருவான். தன் முகம் அசிங்கமானது, மறுபிறப்பு எடுத்தால் அழகாகலாம் என்று ஏங்குவான். அவன் கேட்டதைக் கொடுத்து அனுப்பி வைத்தால் மனித உருவம் கிடைக்கும், உயிர் தங்காது. அதற்குப் பதில், ‘நீ அழகாக இருக்கிறாய்’ என்று பேசும் சிறிய மண்முகம் ஒன்று ஆட்டத்தில் எங்கோ கிடைக்கும். அதைக் கொண்டுவந்து அவன் முன்னால் பேச வைத்தால், அம்மாவின் குரலைக் கேட்டவன் போல உருகிப்போவான். மறுபிறப்புப் பேச்சை விட்டுவிடுவான். எந்த வரியும் இதைச் செய் என்று நம்மிடம் சொல்வதில்லை. அவன் பேச்சைக் கவனித்தவருக்கு அந்த மண்முகத்தைப் பார்த்ததும் தோன்ற வேண்டும். ‘பாக்கிடம் மண்முகத்தைப் பயன்படுத்து, 0/1’ என்று குறிப்பேடு சொல்லியிருந்தால் அது கருணையாக இருந்திருக்குமா?

காசுக் கணக்கில் இது அடங்காது. ‘கன்டென்ட்’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எடை பார்க்கும் பழக்கம் நமக்கு ஏற்பட்டுவிட்டது. 100 சதவீதம் முடித்தேன் என்று காட்டினால்தான் முழுதாக ஆடியதாக எண்ணுகிறோம். தலையில் ஆச்சரியக்குறியோடு காலம் முழுக்க ஒரே இடத்தில் நமக்காகக் காத்திருக்கும் பாத்திரம் ஒரு வரவேற்பு மேசை ஊழியரைப் போன்றது. நாம் வராவிட்டால் அவருக்கு வாழ்க்கையே கிடையாது. எல்டன் ரிங்கில் எர்ட்ட்ரீ மரம் எரிந்த பிறகு தலைநகர் லேண்டெல் சாம்பலாகிவிடும். அதுவரை அங்கே செய்யாமல் விட்டவற்றில் சில இனி இல்லை. உலகம் நம்மைக் கேட்காமல் நகர்கிறது. நாம் தவறவிடக்கூடியவர்களாக இருப்பதால்தான் அந்த மனிதர்கள் மனிதர்களாகத் தெரிகிறார்கள்.

மூன்றாவது வாதம்: விக்கி. யாரும் தனியாகக் கண்டுபிடிப்பதில்லை, எல்லோரும் கைடு பார்த்துத்தான் முடிக்கிறார்கள், பிறகு எதற்கு இந்த வேஷம்? இதற்குப் பதில், இந்த ஆட்டம் தனியாளுக்காகச் செய்யப்பட்டதே அல்ல என்பதுதான். 2009-இல் வந்த டீமன்ஸ் சோல்ஸ் காலத்திலிருந்தே பிராம்சாஃப்ட்வேரின் இந்த வகை ஆட்டங்களில் ஆடுபவர்கள் தரையில் செய்தி எழுதி வைக்கலாம். வார்த்தைகள் ஆட்டமே கொடுத்தவை, கோப்பது நாம். வேறு ஊரில் வேறு நாளில் ஆடுபவரின் தரையில் அது தோன்றும். பனி மூடிய மேட்டில் சிக்கிய கார்களை ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் முட்டித் தள்ளி ஏற்றிவிட்டதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று மியாசாகி பேட்டியில் சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாதவர்கள் உதவிவிட்டு, நன்றி வாங்கக்கூட நிற்காமல் போய்விடுகிறார்கள். ‘முன்னால் ரகசிய வழி’ என்று வெறும் சுவருக்கு முன்னால் எழுதி வைத்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. அதுவும் இந்த ஊரின் ஒரு குணம்தான்.

விக்கியும் யூடியூபும் அந்தத் தரைச் செய்தியின் நீட்சி. தேங்கி நிற்கும்போது இன்னொரு ஆடுபவரிடம் கேட்பதில் தோல்வி எதுவும் இல்லை. எப்போது கேட்பது, எவ்வளவு கேட்பது என்பதை நாம் முடிவு செய்கிறோம். குறிப்பேடு நாம் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடும். வித்தியாசம் சின்னதல்ல.

தமிழ் வாசகர் இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி கேட்கலாம். எல்டன் ரிங்கில் தமிழ் கிடையாது. துப்புகளில் பாதி பழைய பாணி ஆங்கிலத்தில், பொருள்களின் விவரக் குறிப்புக்குள் புதைந்து கிடக்கின்றன. அந்த ஆங்கிலம் சரளமாக வராதவருக்கு ஒளித்தது இரட்டிப்பாக ஒளிந்துவிடுகிறதே? உண்மை. ஆனால் இதற்கு மருந்து தமிழ் வசனவரி, அம்பு அல்ல. குறிப்பேடு வைத்தாலும் அதே ஆங்கிலத்தில்தான் வைப்பார்கள். ஊளைக்கும் விரல் சொடுக்குக்கும் விழுந்த நட்சத்திரத்துக்கும் மொழி தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று: சிறுவயதில் தன் தரத்துக்கு மீறிய புத்தகங்களைப் படித்து, புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டவர் மியாசாகி. அவரே சொன்ன தகவல் இது. பாதி புரிந்து பாதி ஊகித்துப் போகும் வாசகரை இந்த ஆட்டம் வெளியே நிறுத்தவில்லை. அப்படி ஒருவர்தான் இதைச் செய்தார்.

நான்காவது வாதம்தான் பலமானது. வேண்டியவர்களுக்குக் குறிப்பேடு, வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளட்டும். கேட்க எவ்வளவு ஜனநாயகமாக இருக்கிறது! அம்பு உள்ள ஆட்டம் ஒன்றை எடுத்து, அமைப்பில் அம்பை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். ‘என் மோதிரத்தைத் திருடிவிட்டார்கள், மீட்டுக் கொடு’ என்பார் ஒருவர். யார், எங்கே, எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்ல மாட்டார். ஏனென்றால் அம்பு சொல்லிவிடும் என்று நம்பித்தான் அந்த வசனம் எழுதப்பட்டது. குறிப்பேடு வந்ததும் வசனத்தில் வழி சொல்லும் வேலை தேவையற்றதாகிவிடுகிறது. காலே ஊளையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, பாக் ஏங்க வேண்டியதில்லை. அணைத்துக்கொள்ளும் வசதியால் அணைத்தவருக்குக் கிடைப்பது வழியே சொல்லாத உலகம். ஆகவே அது தேர்வே அல்ல.

உதவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் வந்த 1.03 அப்டேட்டில், நாம் சந்தித்தவர்களின் பெயரும் அடையாளமும் மேப்பில் பதிவாகும் வசதியைச் சேர்த்தார்கள். நல்ல காரியம். யாரை எங்கே பார்த்தோம் என்ற ஞாபகத்துக்கு அது துணை. அடுத்து என்ன என்பதை இன்னும் நம்மிடமே விட்டுவைக்கிறது. அதே அப்டேட்டில் நெஃபெலி லூ, கென்னத் ஹைட், டியாலோஸ் போன்றவர்களின் கதைகளுக்குப் புதிய கட்டங்களும் வந்தன. வெளியான அன்று அந்தக் கதைகளுக்கு அந்தப் பகுதியே இல்லை. தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்காதது அவர்கள் குற்றமல்ல. இதைக் கண்டித்தால் நானும் கைதூக்குவேன். முடிக்காமல் விட்டதை மர்மம் என்று பூசி மெழுகக் கூடாது.

மறைக்கப்பட்டதிலும் தரம் பிரிக்க வேண்டும். ரானியின் கதையில் ஒரு சிறு பொம்மை கிடைக்கும். கிரேஸ் தலத்தில் உட்கார்ந்து அதனிடம் பேசலாம், பதில் வராது. மறுபடி பேசு, பதில் வராது. திரும்பத் திரும்பப் பேசினால்தான் அது வாய் திறக்கும். ஒருமுறை பதில் வராவிட்டால் புத்திசாலிகளும் விட்டுவிடுவார்கள். இது கவனத்துக்கு வைத்த பரீட்சை அல்ல, பிடிவாதத்துக்கு வைத்தது. கோல்ட்மாஸ்க் கதை இதற்கு நேர் எதிர். லேண்டெல்லில் அரசன் ரடகானின் சிலைக்கு முன்னால் தரையில் ஒரு வாசகம் இருக்கிறது; ரிக்ரஷன் ஒன்றே ரகசியத்தை வெளிப்படுத்தும் என்ற பொருளில். ‘லா ஆஃப் ரிக்ரஷன்’ என்று ஒரு மந்திரம் உண்டு. அதற்கு இன்டெலிஜென்ஸ் என்ற திறன் 37 அளவில் இருக்க வேண்டும். வாளை மட்டுமே நம்பியவர் தன்னை மாற்றிக்கொண்டாக வேண்டும், அதற்கும் ஆட்டத்தில் வழி இருக்கிறது. அங்கே நின்று மந்திரத்தைச் சொன்னால் சிலை மாறும். ரடகான் நின்ற இடத்தில் அரசி மரிக்கா நிற்பாள்; இருவரும் ஒருவரே. இந்த உலகத்தின் ஆகப்பெரிய உண்மை, ஒரு சைடு குவெஸ்ட்டில், தரையைப் படித்தவருக்கு மட்டும். கவனித்தால் கிடைக்கும்படி மறைப்பது கலை. அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும்படி மறைப்பது பிழை. எல்டன் ரிங்கில் பிழைகள் உண்டு. கலை அவற்றைவிடப் பல மடங்கு உண்டு. எதிர்த்தரப்பு இரண்டையும் ஒரே தராசில் போட்டு, இரண்டுக்கும் ஒரே மருந்தை எழுதித் தருகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். முதல் ஆட்டத்தில் கைடைத் திறக்காதீர்கள். சத்தம் கேட்டால் நில்லுங்கள். பேசியவரிடம் இன்னொரு முறை பேசிப் பாருங்கள். போன ஊருக்குத் திரும்பிப் போங்கள். நிறையத் தவறிப்போகும், போகட்டும். நீங்கள் காணாததை நண்பர் கண்டிருப்பார், அவர் காணாததை நீங்கள் சொல்வீர்கள். அதன்பிறகும் மனசு ஆறாவிட்டால், ஆட்டத்தை முடித்ததும் அதே வீரனோடு முதலிலிருந்து தொடங்கும் வசதி எல்டன் ரிங்கிலேயே இருக்கிறது. அப்போது விக்கியைத் திறந்துகொள்ளலாம்.